நாலாம் நம்பர் தசை

நெல்லைச் சீமையின் சில ஊர்களில் இன்றும் இளவட்டக்கல் கிடக்கிறது. தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டால் ஆள், இல்லையென்றால் இல்லை. போன பொங்கலுக்குத் தூக்கியவன் இந்தப் பொங்கலுக்கு எவ்வளவு குறைந்திருக்கிறான் என்பதை அந்தக் கல் சொல்லாது. குறைவதை அளந்த வரலாறு வேறு. அதில் நோயாளியைவிடப் போரும் அரசும்தான் அதிகம் தென்படுகின்றன.

தசைச்சிதைவு நோய் கண்ட சிறுவன் தரையிலிருந்து எழும் விதத்தை 1879-இல் லண்டன் மருத்துவர் கவர்ஸ் விவரித்தார்: முழங்காலில் கை ஊன்றி, தன் தொடையின் மேல் தானே ஏறி நிமிர்கிறான். அச்சன்புதூரில் ஒரு தாய்க்கு இதற்குக் கவர்ஸ் வேண்டாம். "தொடையப் புடிச்சில்லா எந்திரிக்கான்" என்பாள்.

எண் பிறகு வந்தது. 1910-களில் பாஸ்டனில் லவெட்டும் அவரைச் சேர்ந்தவர்களும் போலியோ கண்ட குழந்தைகளின் தசைகளைக் கையால் அழுத்திப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 1916-இல் சுருள்வில் தராசு வைத்து நிறுக்கவும் செய்தார்கள். தராசு பின்தங்கியது, விரல் நிலைத்தது, விரலுக்குச் செலவில்லை. இரண்டாம் உலகப்போரில் நரம்பு அறுந்த சிப்பாய்களுக்காக பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 0 முதல் 5 வரை ஓர் ஏணி போட்டது. புவியீர்ப்பை மட்டும் வென்றால் 3. எதிர்த்து அழுத்தும் கையையும் கொஞ்சம் சமாளித்தால் 4. இயல்பான வலு 5.

கவனியுங்கள், இரண்டு ஏணியும் தசை திரும்பி வருவதைப் பார்க்கப் போட்டவை. இறங்கிக்கொண்டே போகிறவனை அதில் நிறுத்தினால் என்ன ஆகும்? 4 என்பது ஒரு படியே அல்ல, ஒரு பெரிய திண்ணை. பையன் மாடிப்படி ஏறுவதை விட்டிருப்பான், பஸ் ஏறுவதை விட்டிருப்பான். தாளில் போன வருஷமும் 4, இந்த வருஷமும் 4.

அரசு இதைச் சதவீதமாக்கியது. 2001-இன் மத்திய அரசு நெறிமுறையில் 5 என்றால் இழப்பு 0 சதவீதம், 4 என்றால் 20, 3 என்றால் 40, இப்படியே 0-க்கு 100. வரிசை எண்ணைப் பெருக்கல் வாய்ப்பாடாக்கிய கணக்கு இது. சலுகைக்கு வாசல் 40 சதவீதம். மருத்துவரின் உள்ளங்கை எவ்வளவு அழுத்துகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் உதவித்தொகை தொங்கியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த நோய்க்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில்தான் அது வந்தது.

அச்சன்புதூருக்குப் பக்கம் ஆய்க்குடியில், முதுகுத்தண்டு அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1992-இல் அவருடன் சேர்ந்த ஆடிட்டர் சங்கரராமன் தசைச்சிதைவு நோயுடன் வாழ்பவர். ஒரு நிறுவனத்தை நடத்தும் வலு அந்த ஏணியில் எந்தப் படி என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த ஏணி அதைக் கேட்டதுமில்லை.

மருந்துச் சோதனைகள் வந்தபிறகு ஆராய்ச்சியாளர்கள் வேறு அளவுகளைத் தேடினார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறான்? தரையிலிருந்து எழ எத்தனை வினாடி? 'நார்த் ஸ்டார்' என்ற அளவீட்டில் 17 செயல்கள், மொத்தம் 34 மதிப்பெண். தொடையைப் பிடித்து எழுந்தால் அந்தச் செயலுக்கு 2 கிடையாது, 1தான். தாய் சொன்னதற்குத்தான் ஒருவழியாக மார்க் போட்டிருக்கிறார்கள். ஆனால் நடை நின்றதும் இந்த அளவும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கைகளுக்கென்று ஒன்று உண்டு: 200 கிராம் எடை போட்ட கோப்பையை வாய்வரை கொண்டுபோக முடிகிறதா என்று பார்ப்பார்கள்.