ஏழு மடல்கள்

காணாமலே கனிந்த நட்புக்குச் சான்றாகக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டுவது தமிழர் மரபு. அத்தகைய நட்பு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கடல் கடந்து ஒன்று மலர்ந்தது. அதுவே டால்ஸ்டாய்க்கும் காந்தியடிகளுக்கும் இடையே தோன்றிய நட்பு.

தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள், 1894-இல் டால்ஸ்டாயின் ‘கடவுளின் அரசு உன்னுள்ளே உளது’ என்னும் நூலைப் படித்தார். அந்நூல் அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. ஆயினும் உடனே பாராட்டு மடல் எழுத அவர் முற்படவில்லை. படித்ததை வாழ்ந்து பார்ப்பதிலேயே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

1908 டிசம்பரில் தாரகநாத தாசர் என்னும் இந்திய விடுதலை வீரருக்கு டால்ஸ்டாய் ஒரு நீண்ட மடல் வரைந்தார். வன்முறையால் விடுதலை வாராது என்பதே அதன் சாரம். ‘இன்னா செய்யாமை’ அதிகாரக் குறட்பாக்களை அம்மடலில் அவர் எடுத்தாண்டிருப்பது நமக்குப் பெருமை தருவதாகும். அதன் படியொன்று 1909-இல் இலண்டனில் காந்தியடிகளின் கைக்குக் கிட்டியது.

அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் அவர் டால்ஸ்டாய்க்குத் தம் முதல் மடலை எழுதினார். டிரான்ஸ்வால் இந்தியர்களின் அறப்போரை விளக்கிய பின்னர், நண்பர் ஒருவர் அம்மடலை 20,000 படிகள் அச்சிட்டு வழங்க விரும்புவதையும் தெரிவித்தார். ஆனால் அதற்கு முன், ‘இது தாங்கள் எழுதியதுதானா?’ என்று வினவினார். மறுபிறப்பைப் பற்றிய குறிப்பை நீக்கிவிட இசைவும் வேண்டினார். தாம் போற்றும் பெரியாரிடத்தும் கருத்து வேறுபாட்டை மறைக்காத நேர்மை ஈண்டு நோக்கத்தக்கது. டால்ஸ்டாயும் சினந்தாரில்லர். அதனை நீக்கத் தமக்கு விருப்பமில்லை எனினும் அவர் விருப்பம்போல் செய்யலாம் என்று அம்மாதத்திலேயே விடை எழுதினார்.

பின்னர்க் காந்தியடிகள் மூன்று மடல்களும் டால்ஸ்டாய் இரண்டு மடல்களும் எழுதினர். ஆக மொத்தம் ஏழே மடல்கள். காலமோ ஓராண்டுக்கும் குறைவு. 1910 செப்டம்பர் 7-இல் எழுதிய இறுதி மடலில், தம் முடிவு நெருங்குவதை உணர்ந்த அம்முதியவர், டிரான்ஸ்வாலில் நிகழும் பணி உலகுக்கே இன்றியமையாதது என வாழ்த்தினார். நவம்பர் 20-இல் அவர் மறைந்தார். இருவரும் ஒருமுறையேனும் சந்தித்தாரில்லை.

உலகப் புகழ் பெற்றிருந்த டால்ஸ்டாய்க்கு நாடெங்கிலுமிருந்து மடல்கள் குவிந்த வண்ணமிருந்தன. யாஸ்னயா போல்யானாவிலிருந்த அவர் இல்லத்தை நாடி வந்தோரும் பலர். அவர்களுள் எத்தனை பேர் அவர் சொல்லை வாழ்வாக்கினர்? காந்தியடிகளோ 1910-இல் தம் நண்பர் கல்லன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். சிறை சென்ற அறப்போராளிகளின் குடும்பங்கள் அங்கே உழைத்து வாழ்ந்தன. அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். போப்பையரின் தமிழ்க் கையேட்டைத் துணைக்கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழைக் காந்தியடிகள் அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்களுக்குக் கற்பித்தார்.

இன்று சமூக வலைத்தளங்களில் ‘நண்பர்’ ஐயாயிரவர், ‘பின்தொடர்வோர்’ பதினாயிரவர் எனக் கணக்கிட்டு மகிழ்கின்றோம். வந்த செய்தி எவருடையது என்று வினவாமலே நூறு பேருக்கு அனுப்பிவிடுகின்றோம். வரவுத் தபால் பதிவேட்டில் மடல்களுக்கு எண்ணிடுவதை அன்றாடப் பணியாகக் கொண்டவன் நான். அவ்வெண் மடல் வந்த வரிசையை உரைக்குமேயன்றி, அதன் உட்பொருளை உரைப்பதில்லை.

வள்ளுவப் பெருந்தகை நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். நட்பை ஆராய ஒன்றும், தீய நட்பையும் பொய்ந்நட்பையும் விலக்க இரண்டும் அவற்றுள் அடங்கும். நண்பர் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு அவர் ஓர் அதிகாரமும் வகுத்தாரில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இது பெரிதும் பொருந்தும். பல்லாயிரவர்தம் விருப்பக் குறிகளினும், உண்மை அறிந்து உரைத்து, மாறுபட்டும் மதித்து நிற்கும் ஒருவரின் மடலே நமக்கு உறுதுணையாகும். அத்தகைய மடலொன்றை நாம் இறுதியாக எழுதியது எந்நாள் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக!