காந்தள்: வேலியும் வயலும்

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலை வகுப்பில் நடத்தும்போது முதற்பெயரிலேயே தடை வந்துவிடுகிறது. தொண்ணூற்றொன்பது மலர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்கள் உண்டு. அவற்றுள் முதலாவதாகிய செங்காந்தளைக் கண்டதுண்டா என்று கேட்டால் அமைதிதான். சில ஆண்டுகளுக்கு முன் நாமக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்க வேலியில படர்ற கண்வலிப்பூங்க ஐயா. தொட்டா கண்ணு வலிக்கும்னு அம்மாயி பறிக்கவே விடாது" என்றாள். காந்தளை அறியாத வகுப்பில் கண்வலியை அறிந்தவள் அவள் ஒருத்தி. இரண்டும் ஒன்றே என்பது அன்றுவரை அவளுக்கும் தெரியாது.

இந்தச் செடி இலக்கியத்தில் காட்டுப் பூவாக மட்டும் நிற்கவில்லை என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. மகளிர் விரலுக்கு உவமை, முருகன் சூடும் கண்ணி, வெறியாட்டு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். குறுந்தொகையில் கபிலர் பெயரிலுள்ள இரு பாடல்களை (100, 361) அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நூறாம் பாடல் நம் ஊரைச் சேர்ந்தது. வல்வில் ஓரியின் கொல்லிமலை. அங்கே ஐவன நெல் விதைத்துக் களை பறிக்கும் மக்களின் சிறுகுடிக்குக் காந்தளே வேலி. பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்று உண்பவர்கள் அவர்கள்.

காந்தள் எப்படி வேலியாகும்? அதன் தண்டு வலுவற்றது. இலை நுனிகள் பற்றுக்கம்பிகளாகச் சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்து மேலேறும். தானே நிற்க இயலாத கொடி, ஆட்டையும் மாட்டையும் தடுக்காது. ஆகவே கபிலர் கண்டது புதர்வேலியும் அதன்மேல் ஏறிய காந்தளும் என்றே நான் கொள்கிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் கிளுவை வேலியின்மேல் மழைக்காலத்தில் இக்கொடி படர்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் மிகையாகத் தோன்றாது.

மற்றப் பாடல் இன்னும் வியப்பானது. தலைவன் மலையில் மாலையில் பெய்த மழையால் பெருகிய ஆறு, காலையில் ஒரு காந்தளை அடித்துக்கொண்டு வருகிறது. தலைவி அதை இலை வாடும்படி தழுவிக்கொள்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். தாய் அதைத் தடுக்கவில்லை. அந்த அன்னைக்குக் கைம்மாறாக மேலுலகமும் சிறிது என்கிறாள் தலைவி. காதலின் மிகுதியைக் காட்டும் பாட்டு என்று உரையாசிரியர்களும் நாமும் சொல்வது சரிதான். எனினும் கபிலர் வெறும் பூவை மிதந்துவரச் செய்யவில்லை, அடியோடு கூடிய செடியையே வரச் செய்கிறார். கிழங்கு இருந்தால்தான் நட்டது பிழைக்கும். தழுவியதில் இலை குழைந்தாலும் கேடில்லை, உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. வீட்டில் லில்லி வகைச் செடியொன்றைக் கிழங்கு வைத்து வளர்த்ததற்கு நம் மொழியில் இதனினும் பழைய சான்றை நான் கண்டதில்லை.

லில்லி என்றது ஆங்கில வழக்கை ஒட்டியே. காந்தளை முன்பு லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இன்று கோல்சிகேசியே என்னும் தனிக் குடும்பத்தில் வைக்கிறார்கள். கேரளத்தில் மேந்தோன்னி எனப்படும் இது, 17ஆம் நூற்றாண்டில் வான் ரீடின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் அப்பெயரோடு படமாக இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் குளோரியோசா சுபெர்பா என்று பெயரிட்டார். ஈழத்தில் இது கார்த்திகைப்பூ.

கலப்பைக்கிழங்கு என்ற நாட்டுப் பெயரை இட்டவன் உழவனாகத்தான் இருக்க வேண்டும். இரு கிளையாகப் பிரிந்த கிழங்கு கலப்பையை ஒத்திருக்கும். கிளைகளின் நுனியில்தான் முளை இருக்கிறது. தோண்டும்போது நுனி முறிந்தால் அக்கிளை வீண். ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கி அழிய, புதியது உருவாகிறது. விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே நடுவோர் இன்றும் கிழங்கையே நாடுகிறார்கள்.

கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கித் தின்று இறந்தவர்கள் உண்டு. அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். 1820இல் பெல்லெத்தியேயும் கவாந்துவும் இதே குடும்பத்து ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு அது மருந்து; 1937 முதல் பயிர்களின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் பயன்பட்டது. அம்மாயி அஞ்சிய பொருளை உலகச் சந்தை தேடிவந்தது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலி வயல்கள் உருவாயின. சேலம் மாவட்டத்திலும் ஓரளவு பயிரானது. விதைக்காகவே சாகுபடி. 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை ஆடியை ஒட்டி நடுகிறார்கள். கொடி ஏறுவதற்கு முதலில் கிளுவையும் விராலியும் நின்றன. பின்னர் கம்பிப் பந்தல் வந்தது.

பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடிந்து மகரந்தத்தைவிட்டு விலகி நிற்கும். வயலில் போதிய காய் பிடிக்க வேண்டுமானால் காலையில் ஆட்கள் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டுவைக்க வேண்டும். திருமுருகாற்றுப்படை, முருகன் சூடிய காந்தளில் வண்டு மொய்ப்பதில்லை என்கிறது. அதை உழவியல் செய்தியாக்கி மகிழ எனக்கும் ஆசைதான். ஆனால் குறுந்தொகையிலேயே காந்தளின் தாதூதும் தும்பி இருக்கிறது. ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். எங்கள் பக்கத்தில் கிளுவை வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். வேலியால் நிலம் வீணாகிறது என்பது அவர்கள் கணக்கு. மனை விற்பனைக்கு வந்த காடுகளில் அந்தக் கணக்கும் தேவைப்படுவதில்லை. அந்த மாணவியின் வீட்டு வேலியும் அப்படித்தான் போயிற்று என்று பின்னர் சொன்னாள். வேலி பிடுங்கும் வேலை கோடையில் நடப்பது. அப்போது காந்தள் கொடி காய்ந்து உதிர்ந்துபோய் மண்மேல் அடையாளமே இராது. இயந்திரம் அள்ளிக் கொட்டும் மண்ணில் கிழங்கும் போகிறது. போவது யார் கண்ணிலும் படுவதில்லை.