64 வருடம் தற்காலிகம்

அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தற்காலிக நியமனம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கென்று ஆர்டர் வரும், பிறகு நீட்டிப்பு, அதற்கும் ஒரு நீட்டிப்பு. நிரந்தரமாவதற்குள் தலை நரைத்துவிடும். இந்த வகையில் நான் அறிந்த பெரிய சாதனை பாரிஸில் நடந்தது. சேன் சுல்பீஸ் பங்குக் கோயிலில் ஷார்ல்-மரி விதோர் என்ற இளைஞர் 1870 ஜனவரியில் தற்காலிகமாக ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார். வயது 25. வேலையை விட்டது 1933 முடிவில். அதுவரை 'இவரே இனி நிரந்தர ஆர்கன்காரர்' என்று ஒரு தாள் கூட யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்டதாகத் தெரியவில்லை!

சேன் சுல்பீஸ் நமக்கு முற்றிலும் அந்நியமான இடமல்ல. புதுச்சேரிக்கு வந்த மிசியோன் சாமியார்கள் புறப்பட்ட ரூ டு பாக் மடம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான்.

ஆர்கன் என்றதும் நம் கோயில் ஆர்மோனியத்தை நினைத்துவிடக் கூடாது. ஆர்மோனியத்தில் காற்று பட்டு உலோக நாக்குகள் அதிரும். ஆர்கனில் ஆயிரக்கணக்கான குழாய்கள், ஒவ்வொன்றும் ஒரு புல்லாங்குழலோ நாகசுரமோ போல. சேன் சுல்பீஸில் 1781-இல் க்ளிக்கோ ஓர் ஆர்கன் செய்து வைத்தார். அதன் மரக்கூட்டை வரைந்தவர் ஷால்க்ரேன். பிற்பாடு பாரிஸின் வெற்றி வளைவை வடிவமைத்த அதே ஆள். 1862-இல் கவாயே-கோல் அதைப் பிரித்து 100 ஸ்டாப், 5 விசைப்பலகையோடு புதிதாகக் கட்டினார். ஆனால் க்ளிக்கோவின் பழைய குழாய்களில் பெரும்பகுதியைத் தூக்கி எறியாமல் உள்ளேயே வைத்துக்கொண்டார். இதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மின்சாரம் வரும்வரை ஆட்கள் துருத்தியை மிதித்துத்தான் காற்று கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

இளைஞருக்கு வேலை வாங்கித் தந்ததில் கவாயே-கோலின் கை உண்டு. விதோர் குடும்பத்தை அவருக்கு முன்பே தெரியும். சிபாரிசுதான். எல்லாச் சிபாரிசும் கெட்டுப் போவதில்லை.

கோயிலில் ஆர்கன் இரண்டு. பெரியது வாசலுக்கு மேல் மாடத்தில். சிறியது பீடத்துப் பக்கம், பாடகர்களுக்குத் துணையாக. பாடகர்கள் ஒரு அடி பாடினால் பெரிய ஆர்கன் அடுத்த அடியைச் சொல் இல்லாமல் வாசித்துப் பதில் தரும். நம் எசப்பாட்டு மாதிரி. 1871 முதல் சில ஆண்டுகள் சிறிய ஆர்கனில் உட்கார்ந்தவர் கபிரியேல் ஃபோரே. அவரும் விதோரும் பூசை நேரத்திலேயே ஒருவரையொருவர் மடக்கப் பார்த்து வாசிப்பார்களாம்.

பாடகர்களுக்கும் குறைவில்லை. எதிரிலேயே பெரிய குருமடம். விதோர் இரண்டு ஆர்கன், இரண்டு பாடகர் குழு என்று ஒரு பாட்டுப்பூசை எழுதினார். அதில் ஒரு குழு முழுக்கக் குருமாணவர்களுக்கு. சுமார் 200 ஆண் குரல்கள் ஒரே சுரத்தில்.

பிறகு 1905 டிசம்பரில் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் வந்தது. மறு வருடக் கடைசியில் குருமாணவர்களை வெளியேற்றினார்கள். அந்த 200 குரலும் போயிற்று. குருமடக் கட்டிடத்தில் பின்னாளில் வரி அலுவலகம் வந்தது. நான் அலுவலகத்துக்கு விரோதி அல்ல, அதில்தான் என் சோறு. ஆனாலும் இதைப் படித்தபோது மனம் ஒரு மாதிரி ஆயிற்று.

ஆர்கன் மட்டும் அசையவில்லை. விதோர் அதைப் பெரிதாக மாற்ற விடவில்லை. அவருக்குப் பின் 1934-இல் வந்த மார்செல் துய்ப்ரே, 1906 முதலே அவருக்கு உதவியாளராக இருந்தவர். அவரும் விடவில்லை. 1971 மே 30, பெந்தெகொஸ்தே ஞாயிறு. காலையில் கோயிலில் வாசித்துவிட்டு வீடு திரும்பிய துய்ப்ரே அன்றே காலமானார். 1870 முதல் 1971 வரை 101 ஆண்டு, இரண்டே பேர். 1862-இல் கேட்ட ஓசை ஏறக்குறைய அப்படியே இன்றும் கேட்பது அதனால்தான்.

சிறுவனாக நானும் லத்தீன் பாட்டுப்பூசையில் பாடியவன். 1960-களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. வந்தது சரிதான், என் பாட்டி அப்போதுதான் முதன்முறையாகப் பூசையைப் புரிந்து கேட்டாள். ஆனால் நாங்கள் கையால் எழுதி வைத்திருந்த பாட்டு நோட்டுகள் என்னாயின என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நானும்தான். ஒரு நோட்டு எங்கள் வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டவன் நான்.

உங்களில் யார் வீட்டிலாவது அப்படி ஒரு நோட்டு இன்னும் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து உட்கார்ந்து பிரதி எடுத்துக்கொள்கிறேன்.