திரும்பாத ஐந்து விமானங்கள்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை நகரம் காலியான கதையை நேயர்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். அம்மாதம் 5-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. மறுநாள் ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம், இன்றியமையாத அலுவல் இல்லாதோர் நகரைவிட்டு நீங்குமாறு அறிவித்தது. மூர் மார்க்கெட்டை அடுத்த மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள்கூடச் சுட்டுக் கொல்லப்பட்டன. செங்கற்பட்டு வழியே வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கு எங்கள் வேடந்தாங்கலில் சிலர் திண்ணையை ஒழித்துக் கொடுத்தனர் என்று என் தந்தையார் சொல்வார். ஏரிப் பறவைகள் கிளம்பும் பருவத்தில் பட்டணத்தார் வந்து இறங்கினார்களாம்.

வந்தவர்கள் எந்தக் கடற்படைக்கு அஞ்சினார்களோ, அதனை இரண்டு நாள் கழித்து ஒன்பது விமானங்கள் தேடிச் சென்று தாக்கின. அச்செய்தி நம் பக்கத்தில் அதிகம் பேசப்படவில்லை. அதனைச் சொல்லவே இப்பேச்சு.

நகுமோ என்னும் தளபதியின் கீழ் அக்காகி முதலான ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் வங்கக் கடலில் புகுந்திருந்தன. ஏப்ரல் 9 காலை அவற்றின் விமானங்கள் திரிகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலையே அப்பொழுது விமானத்தளமாக மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 11-ஆம் பிரிவைச் சேர்ந்த பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. இரட்டை இயந்திரமும் மூன்று பேர் கொண்ட குழுவும் உடையது பிளென்ஹீம். அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 260 மைல். எதிரியின் ஜீரோ விமானமோ 300 மைலுக்கும் மேற்பட்ட வேகமுடையது. துணைக்குச் சண்டை விமானம் ஒன்றேனும் உடன் செல்லவில்லை.

சுமார் 11,000 அடி உயரத்திலிருந்து அவை குண்டுகளை வீசின. அக்காகியைச் சுற்றிலும் கடல்நீர் தூண் தூணாய் எழுந்த பிறகே தலைக்குமேல் பகைவர் இருப்பதை ஜப்பானியர் உணர்ந்தனர். ஆயினும் ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. உடனே ஜீரோக்கள் பாய்ந்து நான்கு விமானங்களை வீழ்த்தின. ஏறத்தாழ அதே வேளையில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டனர். அத்தாக்குதலை முடித்துத் திரும்பிய ஜப்பானிய விமானங்கள் எதிர்ப்பட்டு ஐந்தாவது பிளென்ஹீமையும் வீழ்த்தின. தாக்குதலில் ஈடுபட்ட 27 பேரில் 15 பேர் திரும்பவில்லை.

குறி தவறியமையால் இதனை வீண் முயற்சி என்று தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. கணக்கில் விடை பிழைத்தாலும் வழி சரியாயிருந்தால் மதிப்பெண் கொடுத்துப் பழகியவன் நான். ராடார் இல்லாத அக்கப்பல்கள், காவலர் கண்ணுக்குத் தப்பி மேலிருந்து வரும் தாக்குதலுக்கு எளிதில் இலக்காகும் என்பதை அந்த ஒன்பது விமானங்களும் மெய்ப்பித்துக் காட்டின. வெற்றிக் களிப்பில் இருந்த ஜப்பானியர் அதனைப் பொருட்படுத்தவில்லை. எண்ணி எட்டு வாரம் சென்றது. ஜூன் 4 அன்று மிட்வே தீவினருகே அமெரிக்க விமானங்கள் அவ்வாறே காணப்படாமல் மேலிருந்து பாய்ந்தபோது அக்காகி தீப்பற்றி அழிவுற்றது. வங்கக் கடலுக்கு அதனுடன் வந்திருந்த சோரியு, ஹிரியு ஆகியவையும் அப்போரிலேயே அழிந்தன.

நகுமோவின் படை ஏப்ரல் 9-க்குப் பின் மலாக்கா நீரிணை வழியே தன் நாடு நோக்கித் திரும்பிவிட்டது. பிளென்ஹீம்களால்தான் அது திரும்பியது என்று சொல்வதற்கில்லை; வந்த வேலை முடிந்ததென்றே அது சென்றது. சென்னைவாசிகள் இவை எதனையும் அறியாமல், நாளடைவில் ஒவ்வொருவராய் வீடு திரும்பினர்.

நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே உடல் கிடைத்தவர்களுக்கே கல் நாட்டியிருக்கிறார்கள். தென்னாசிய, கிழக்காசியக் கடல்களில் கல்லறையின்றி மறைந்த விமானப்படையினரின் பெயர்களைக் காண வேண்டுமானால் சிங்கப்பூரின் கிராஞ்சிக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள நினைவுச் சின்னத்தின் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசை வரிசையாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன.