நத்தார் அட்டையும் கடைப் பெண்களின் களைப்பும்

டிசெம்பர் மாதம் பிறந்ததும் பண்டிகைக்கால மன அழுத்தத்தைத் தவிர்ப்பது எப்படி என்ற ஆலோசனைகள் பத்திரிகைகளில் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. வேலைப் பளுவினால் ஒருவர் உடலும் மனமும் ஓய்ந்து எரிந்தடங்கிப் போகும் நிலையை ஆங்கிலத்தில் ‘பேர்ன் அவுட்’ என்கிறார்கள். நியூயோர்க்கில் பணியாற்றிய உளவியலாளர் ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர் 1974ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையே அச்சொல்லை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதனை ஒரு நோயாக அன்றி, தொழிலோடு தொடர்புடைய நிலைமையாக வரையறுத்தது. பெயர் அண்மைக் காலத்தது. ஆனால் பண்டிகை மனிதரைப் படுத்திய பாட்டின் வரலாறு மிகப் பழையது.

அவ்வரலாற்றின் சுவையான அத்தியாயம் 1843ஆம் ஆண்டில் இலண்டனில் ஆரம்பமாகிறது. ஹென்றி கோல் என்பவர் அரசாங்க உத்தியோகத்தர். 1840இல் அறிமுகமான ஒரு பென்னித் தபால் முறையை உருவாக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் 1851ஆம் ஆண்டின் பெருங் கண்காட்சியை ஒழுங்கு செய்ததிலும், இன்று விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலை என அறியப்படும் நிறுவனத்தைத் தோற்றுவித்ததிலும் முன்னின்றவர். அறிமுகமானோர் தொகை அதிகம் என்பதால் நத்தார் காலத்தில் அவருக்கு வந்து குவியும் கடிதங்களும் அதிகம். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாதிருப்பது அக்கால ஆங்கிலேயக் கனவான்களிடையே பெரும் மரியாதைக் குறைவு. தாம் முன்னின்று உழைத்த மலிவுத் தபாலே தம் கழுத்தைப் பிடித்த நிலையில், அவர் தமது நண்பரான ஓவியர் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லியிடம் ஒரு படத்தை வரைவித்து, வாழ்த்தையும் சேர்த்து அச்சிடுவித்தார். பெறுபவரின் பெயரையும் தமது ஒப்பத்தையும் இட்டால் போதும், வேலை முடிந்தது!

ஆக, நத்தார் வாழ்த்து அட்டை என்பது வேலைப்பளு மிகுந்த ஒரு மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த உபாயம். மீதி அட்டைகள் ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்னி. அதாவது அட்டையின் விலை அதனை அனுப்பும் தபாற் செலவைப் போலப் பன்னிரண்டு மடங்கு. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய பொருளன்று. படத்தில் ஒரு குடும்பம் மது அருந்தி வாழ்த்துச் சொல்வதும், அக்குடும்பத்துச் சிறு பிள்ளையின் வாயருகிலும் கிண்ணம் இருப்பதும் மதுவிலக்குக்காரரின் கண்டனத்துக்கு உள்ளாயின. சார்ள்ஸ் டிக்கன்ஸின் புகழ்பெற்ற நத்தார்க் கதையும் அதே ஆண்டு டிசெம்பரிலேயே வெளியானது.

அச்சுத்தொழில் வளர்ந்து அட்டையின் விலை விழுந்தது. 1870இல் அரைப் பென்னிக் கட்டணம் வந்தது. அதன் பின்னர் கோலின் உபாயம் தலைகீழாகியது. பத்துப் பேருக்குக் கடிதம் எழுதியவர் நூறு பேருக்கு அட்டை அனுப்ப வேண்டியவரானார். சுமை அவருடைய மேசையிலிருந்து தபாற்காரரின் தோளுக்கு மாறியது. இங்கிலாந்தில் நத்தார் தினத்தன்றும் தபால் விநியோகம் நடைபெற்றது. 1960ஆம் ஆண்டு வரை அவ்வழக்கம் நீடித்தது என்பதை இன்றைய வாசகர் நம்பச் சிரமப்படுவர். பண்டிகையின் சுமை மறைவதில்லை, கைமாறுகிறது என்று எனக்குப் படுகிறது. பத்திரிகைக் கந்தோர்களில் பண்டிகை மலர்ப் பக்கங்களை முடித்துக்கொண்டு வீடு திரும்பும்போது பண்டிகையே முடிந்துவிட்டிருக்கும் என்பதைச் சக தொழிலாளர் அறிவர்.

அமெரிக்காவில் இச்சுமையைச் சுமந்தவர்கள் பெருங் கடைகளில் விற்பனையாளராக நின்ற இளம் பெண்கள். ‘நின்ற’ என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே கூறுகிறேன். அவர்கள் அமர்வதற்கு ஆசனம் வேண்டும் என்பதற்கே போராட வேண்டியிருந்தது. நியூயோர்க் மாநிலம் 1896இல் ஒரு சட்டம் இயற்றி, கடைகளில் வேலை செய்யும் 21 வயதுக்குட்பட்ட பெண்களினதும் 16 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளினதும் வேலைநேரத்தை வாரத்துக்கு 60 மணித்தியாலம் என மட்டுப்படுத்தியது. நல்ல சட்டந்தான். ஆனால் டிசெம்பர் 15 முதல் ஜனவரி முதலாந் திகதி வரை அவ்வரம்பு செல்லாது என்றும் அச்சட்டமே கூறியது! பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்ட இரண்டு வாரங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. கடை முதலாளிமாரின் செல்வாக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணத்தைத் தேடவேண்டியதில்லை.

1899இல் தேசிய நுகர்வோர் கழகத்தின் பொதுச் செயலாளரான புளோரன்ஸ் கெலி இந்த அநீதியைக் கையிலெடுத்தார். முதலாளிகளை நோக்கி மட்டுமன்றி, வாங்குவோரை நோக்கியும் அவர் பேசினார். நத்தாருக்கு முந்திய இரவுகளில் கடைக்கு முண்டியடிப்பதை விடுத்து, முன்கூட்டியே, பகற் பொழுதில் வாங்குங்கள் என்பதே வேண்டுகோள். ‘நேரத்தோடு வாங்குங்கள்’ என்ற அக்கோஷத்தைப் பிற்காலத்தில் வணிகர்கள் தமது விளம்பரமாக மாற்றிக்கொண்டனர். தொழிலாளியின் களைப்பைக் குறைக்க எழுந்த குரல் விற்பனைக் காலத்தை நீட்ட உதவியது பெரும் முரண்.

1912ஆம் ஆண்டு நியூயோர்க்கில் இன்னொரு முயற்சி. கடைப் பெண்கள் விடுமுறைக்காகப் பணம் சேமிக்க உதவிய ஒரு நிதியத்திலிருந்து ‘பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்’ பிறந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘ஸ்பக்’ என்றனர். முன்னாள் நாடக நடிகை எலினோர் பெல்மொன்ற், வங்கியதிபர் ஜே. பி. மோர்கனின் மகள் ஆன் மோர்கன் ஆகிய இருவரும் அதன் முன்னோடிகள். சொற்ப சம்பளம் பெறும் பெண்கள் தமது மேற்பார்வையாளர்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் நத்தார்ப் பரிசு வழங்கக் கட்டாயப்படுத்தப்பட்ட வழக்கத்தையே சங்கம் முதலில் எதிர்த்தது. செல்வந்த வீட்டுப் பெண்கள் இதனைத் தொடங்கியதைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் ஆன் மோர்கன் 1909இல் சட்டை தைக்கும் தொழிலாளப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்கும் துணை நின்றவர் என்பதை மறத்தல் ஆகாது. அவ்வாண்டு நவெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற தியடோர் ரூஸ்வெல்ட் அடுத்த மாதமே சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். பத்திரிகைகள் கொண்டாடின.

இரண்டாண்டுகளில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. சங்கத்தின் பேச்சு மெல்லக் குறைந்து மறைந்தது. பெல்மொன்ற் செஞ்சிலுவைச் சங்கப் பணிகளில் இறங்கினார். ஆன் மோர்கன் 1917இல் பிரான்ஸுக்குச் சென்று, போரில் சிதைந்த வடபகுதியின் பிளெறன்கூர் என்னும் ஊரில் தங்கி, வீடிழந்த கிராமத்தவர்களுக்கு உணவும் விதையும் கால்நடைகளும் சேர்ப்பிக்கும் வேலையில் ஈடுபட்டார்.