வெண்டைக்காயும் மஞ்சள் நரம்பும்: ஒரு நூறு வருடச் சண்டை

"வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு நன்றாக வரும்" என்று சொல்லிச் சொல்லியே நம்மையெல்லாம் வளர்த்திருக்கிறார்கள். எனக்குக் கணக்கு வந்ததா என்பது வேறு விஷயம்! ஆனால் வெண்டை போடுகிற விவசாயியின் கணக்கையே தப்பாக்கிவிடும் ஒரு நோய் இருக்கிறது. போன கோடை விடுமுறையில் பெரியப்பா தோட்டத்தில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

அரை ஏக்கர் வெண்டை. பாதிக்கு மேல் மஞ்சள். இலையில் நரம்பு மட்டும் வலை பின்னியது போல மஞ்சளாகவும், நடுவில் பச்சையாகவும் இருந்தது. கொழுந்து இலைகளோ முழுக்க மஞ்சள். காய்கள் சிறுத்து, வெளிறி, கடினமாக இருந்தன. சந்தையில் யாரும் எடுக்க மாட்டார்கள். "ரெண்டு தடவ மருந்து அடிச்சாச்சுப்பா, கேக்கவே இல்ல" என்றார் பெரியப்பா.

ஏன் கேட்கவில்லை? அதைத் தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைத்தது.

இந்த நோயைப் பற்றிய முதல் பதிவு 1924-ல் வருகிறது. அன்றைய பம்பாய் மாகாணத்தில் குல்கர்னி என்ற அறிவியலாளர் இதை எழுதி வைத்தார். 1940-ல் உப்பல், வர்மா, கபூர் ஆகிய மூவரும் இது ஒரு வைரஸ் நோய் என்று காட்டி, 'மஞ்சள் நரம்புத் தேமல்' என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். சரி, வைரஸுக்குக் காலா இருக்கிறது, செடி விட்டுச் செடி போக? அதைச் சுமந்து செல்வது வெள்ளை ஈ. 1950-களின் தொடக்கத்தில் வர்மா இந்த ஈக்கும் வைரஸுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தார். நோயுள்ள செடியில் சாறு குடித்த ஈ, அடுத்த செடியில் குடிக்கும்போது வைரஸை இறக்கிவிடுகிறது. ஒரு தடவை ஏற்றிக்கொண்டால் தன் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்கவும் செய்யும்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. அடுத்து ஆயுதம் வேண்டுமே? டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹர்பஜன் சிங்கும் அவருடைய குழுவினரும் நோய் தாங்கும் வெண்டையைத் தேடினார்கள். மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஐ.சி. 1542 என்ற வகை கிடைத்தது. அதை 'பூசா மக்மலி' என்ற ரகத்தோடு ஒட்டுச்சேர்த்து உருவாக்கியதுதான் புகழ்பெற்ற 'பூசா சவானி'. 1960-களில் இந்தியா முழுவதும் இந்த விதைதான்.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்த வங்காள வெண்டை வைரஸை விரட்டவில்லை. வைரஸ் உள்ளே இருக்கும், ஆனால் வெளியே மஞ்சள் தெரியாது. அதாவது நோயை மறைத்து வைக்கும் குணம். அந்தக் குணம் வந்த பூசா சவானி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பிறகு அதுவும் மற்ற ரகங்களைப் போலவே மஞ்சளாக ஆரம்பித்தது.

அடுத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டு வெண்டையிடம் போனார்கள். வெண்டையின் காட்டு உறவினர்களில் சில இந்த நோயை நன்றாகவே எதிர்த்து நின்றன. அவற்றோடு கலந்து மகாராஷ்டிராவில் 'பர்பானி கிராந்தி', பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் 'அர்கா அனாமிகா' என்று 1980-களில் புது ரகங்கள் வந்தன. நம்மூர் விவசாயிகளுக்கும் பழக்கமான பெயர்கள்தான். இவையும் பல வருடம் கைகொடுத்தன. பிறகு இவற்றிலும் பல இடங்களில் மஞ்சள் தலைகாட்டியது.

ஏன் ஒவ்வொரு தடவையும் வைரஸ் முந்திக்கொள்கிறது? விடையின் ஒரு பகுதி மதுரையில் கிடைத்தது. 2003-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் ஜோஸ், ஆர். உஷா இருவரும் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார்கள். வைரஸை மட்டும் தனியாக வெண்டைக்குள் செலுத்தினால் லேசான இலைச் சுருட்டல்தான் வருகிறது. கூடவே 'பீட்டா' என்ற ஒரு குட்டி டி.என்.ஏ. துண்டும் சேர்ந்தால்தான் அந்த மஞ்சள் வலை வருகிறது. ஆக, இது தனி ஆள் இல்லை, கூட்டாளியோடு வருகிற திருடன்! இந்தக் குடும்பத்து வைரஸ்கள் ஒன்றோடொன்று மரபுத் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் கூடியவை. ஒரு பூட்டை நம்பினால் இன்னொரு சாவி வந்துவிடுகிறது.

அப்படியானால் விவசாயி என்னதான் செய்வது? 1974-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கைப் பாருங்கள். முளைத்த 35 நாளுக்குள் நோய் தாக்கினால் விளைச்சலில் 94 சதவீதம் வரை இழப்பு. 50 நாளில் தாக்கினால் 84 சதவீதம். 65 நாளில் என்றால் 49 சதவீதம். நோயைத் தள்ளிப்போட்டாலே பாதிக் காய் வீட்டுக்கு வந்துவிடும்!

பெரியப்பாவின் மருந்து கேட்காத காரணமும் இதுதான். மருந்து ஈயைத்தான் கொல்லும், செடிக்குள் போன வைரஸை ஒன்றும் செய்யாது. மஞ்சளைப் பார்த்த பிறகு அடிப்பது, திருடன் போன பிறகு கதவைச் சாத்துவது மாதிரி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈயும் அதற்குப் பழகிவிடும். ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்துப்போகும்.

செய்ய வேண்டியதெல்லாம் முதல் மாதத்தில்தான். தாங்கும் ரகமாகப் பார்த்து விதைப்பது, வரப்போரம் மக்காச்சோளம் போடுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது, வைரஸ் தங்குகிற களைகளை எடுப்பது. முதல் மஞ்சள் செடி கண்ணில் பட்டதுமே மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். எல்லாம் சேர்ந்தால்தான் பலன்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நோய் வராத விதை எதுன்னு கேட்டா, இம்புட்டு சொல்றியேப்பா" என்று சிரித்தார். அப்படி ஒரு விதை நிரந்தரமாக இருந்ததே இல்லை என்பதுதான் இந்த நூறு வருடக் கதை. அடுத்த போகத்துக்கு மக்காச்சோள விதையும் வாங்கி வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் வெண்டை போடுகிறவர்கள் இருந்தால் இந்த 35 நாள் கணக்கைச் சொல்லுங்கள். வெண்டைக்காயால் வருகிற கணக்கு இது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்!