வில்லியம் டேமன்

வில்லியம் டேமன் (பிறப்பு: 1944) அமெரிக்க வளர்ச்சி உளவியலாளர் ஆவார். சிறுவரின் ஒழுக்க வளர்ச்சியையும் இளையோரின் வாழ்க்கை நோக்கத்தையும் ஆராய்ந்தவர். கிளார்க், பிரவுன் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய பின்னர் 1997 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இணைந்தார்.

நீதியுணர்வு

கைவளை செய்த சிறுவர்கள், பரிசாகக் கிடைத்த இனிப்புகளைத் தமக்குள் எவ்வாறு பங்கிடுகின்றனர் என்று ஆராய்ந்தார். தன் விருப்பத்தையே அளவுகோலாகக் கொள்ளும் நீதியுணர்வு, பின்னர் சமபங்கு, உழைப்புக்கேற்ற பங்கு, தேவையறிந்து அளித்தல் என வளர்வதாக 1977 இல் எழுதினார்.

வாழ்க்கை நோக்கம்

தமக்குப் பொருளுடையதாகவும் பிறருக்குப் பயன்படுவதாகவும் அமையும் நீண்டகால இலக்கையே நோக்கம் என இவர் வரையறுத்தார். இதன்படி, தேர்வில் வெல்வது மட்டும் நோக்கமாகாது. ஆய்வுக்குட்பட்ட அமெரிக்க இளையோரில் ஏறத்தாழ 20% பேரே தெளிவான நோக்கம் கொண்டிருந்ததாக "த பாத் டு பர்ப்பஸ்" (2008) நூலில் குறிப்பிட்டார். பெற்றோர் நோக்கத்தைத் திணிக்க இயலாது. பிள்ளையின் ஆர்வத்தைக் கவனித்து ஊக்குவிக்கவே இயலும் என்பது இவரது கருத்து.